கற்றலும் மறத்தலும்: தமிழக ஊரக மகப்பேற்றுப் பணியாளர்களின் பணித்தொடர் கல்வி

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் இன்று மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. தாய் இறப்பு விகிதமும் பெரிதும் குறைந்துள்ளது. இவ்வெற்றியின் விளைவாக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் செவிலியர்களும் மருத்துவர்களும் உயிராபத்தான சிக்கல்களை நேரில் காணும் வாய்ப்பு அரிதாகிவிட்டது. அரிதாக வரும் சிக்கலைக் கையாளும் திறன் தொடர்ந்த பயிற்சியால் மட்டுமே நிலைபெறும். அப்பயிற்சி எத்தகையதாக அமைய வேண்டும் என்பதைச் சென்னையின் மகப்பேற்றுக் கல்வி மரபு, நடைமுறையிலுள்ள பயிற்சித் திட்டங்கள், இந்தியாவிலும் பிற நாடுகளிலும் நடந்த ஆய்வுகள், தாய் இறப்புத் தணிக்கை முறை ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. திருநீர்மலை போன்ற நகர விளிம்புப் பகுதிகளின் தனிச்சிக்கலும் இதில் சுட்டப்படுகிறது.

குறிச்சொற்கள்: பணித்தொடர் கல்வி, கிராம சுகாதார செவிலியர், தாய் இறப்புத் தணிக்கை, சீமாங்க் மையம், திறன் பயிற்சி, திருநீர்மலை

முன்னுரை

பல்லாவரத்திற்கு மேற்கே அமைந்த திருநீர்மலை, வைணவத் திருப்பதிகள் நூற்றெட்டனுள் ஒன்று. நெடுங்காலம் சிற்றூராகவும் பின்னர்ப் பேரூராட்சியாகவும் இருந்த இவ்வூர், 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுள் இணைந்தது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து அமைந்த மாநகராட்சி அது. ஊரின் பெயர்ப்பலகையில் நிகழ்ந்த இம்மாற்றம் சுகாதாரத் துறையின் கணக்கிலும் ஒரு மாற்றத்தைக் குறிக்கிறது. ஊரகப் பகுதியில் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அளவுகோல். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் அளவுகோலில் 10,000 பேருக்கு ஒரு துணைச் செவிலியர், 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். ஊரகம் நகரமாகும்போது ஒரு பணியாளர் கவனிக்க வேண்டிய மக்கள்தொகை தாளளவில் இருமடங்காகிறது. அவருடைய பயிற்சிக்குப் பொறுப்பேற்கும் நிர்வாக அமைப்பும் மாறுகிறது.

மகப்பேற்றுப் பணியாளரின் கல்வி பட்டயச் சான்றிதழோடு முடிவதில்லை என்பது எவரும் ஒப்பும் கருத்து. ஆயினும் எதைக் கற்பிப்பது, எங்குக் கற்பிப்பது, எத்தனை காலத்திற்கு ஒருமுறை கற்பிப்பது என்னும் வினாக்களுக்குத் தெளிவான விடை காணாமலேயே பயிற்சிகள் நடைபெறுகின்றன. பயிற்சியின் அளவை மணிக்கணக்கால் அளப்பதைக் காட்டிலும், பணியாளர் தாம் கவனித்த தாய்க்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்து அதிலிருந்து கற்கும் வாய்ப்பை உருவாக்குவதே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. சென்னையின் மகப்பேற்றுக் கல்வி மரபு

1844இல் சென்னையில் தொடங்கப்பட்ட பிரசவ மருத்துவமனை பின்னர் எழும்பூருக்கு இடம்பெயர்ந்து, இன்று அரசு தாய்சேய் நல மருத்துவமனையாகவும் மகப்பேறு மற்றும் மகளிர் நோயியல் நிலையமாகவும் விளங்குகிறது. அங்கு மருத்துவச்சிப் பயிற்சி பெற்ற மேரி ஷார்லீப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் ஒருவர். 1885இல் மகளிருக்கெனத் தனி மருத்துவமனை ஒன்று தோன்றவும் அவர் காரணமானார். இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதன் தொடர்ச்சியே. மருத்துவச்சியாகத் தொடங்கியவர் பணியினூடே மேலும் கற்று மருத்துவரானது, பணித்தொடர் கல்விக்கு இம்மண்ணில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்றாகும்.

1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் இத்தொழிலுக்குப் பதிவுமுறையை உண்டாக்கியது. எழும்பூர் மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், எம்.கே. கிருஷ்ண மேனனுடன் இணைந்து எழுதிய மகப்பேற்று மருத்துவப் பாடநூல் 1938 முதல் பல பதிப்புகளைக் கண்டு இன்றும் பயிலப்படுகிறது. அப்பாடநூலின் ஒவ்வொரு பதிப்பும் முந்தைய பதிப்பின் சில பகுதிகளைத் திருத்தியே வெளிவந்தது. நூல் திருந்துகிறது, அந்நூலின் பழைய பதிப்பைப் படித்துத் தேர்ந்தவர் தம் பணியிடத்தில் அதே அறிவோடு முப்பது ஆண்டுகள் பணிபுரிகிறார். இவ்விடைவெளியை நிரப்புவதே பணித்தொடர் கல்வியின் முதல் நோக்கம்.

ஊரகப் பணியாளரின் கல்விக்கெனத் தனி நிறுவனம் தேவை என்பதைத் தமிழகம் முன்னரே உணர்ந்திருந்தது. மருத்துவர் சௌந்தரம் 1947இல் நிறுவிய காந்திகிராமத்தில், 1964இல் ஊரக சுகாதாரத்திற்கான பயிற்சி நிறுவனம் உருவானது. நகர மருத்துவமனையில் கற்றதைக் கிராமத்தில் அப்படியே செயற்படுத்த இயலாது என்னும் பட்டறிவு இத்தகைய நிறுவனங்களின் அடிப்படையாகும்.

2. வெற்றியும் அதன் மறுபக்கமும்

மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி, 2001-03இல் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 134ஆக இருந்த தமிழகத்தின் தாய் இறப்பு விகிதம், 2010-12இல் 90ஆகவும் 2018-20இல் 54ஆகவும் குறைந்தது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, மாநிலத்தின் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்ததாகக் கூறுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைக் கொண்டு 24 மணிநேரப் பிரசவ சேவை வழங்கியது, 2004 முதல் சீமாங்க் மையங்கள் எனப்படும் ஒருங்கிணைந்த அவசரகாலத் தாய்சேய் சிகிச்சை மையங்களை அமைத்தது, 108 அவசர ஊர்தி, பிக்மி எண் வழியே ஒவ்வொரு கர்ப்பிணியையும் பதிவு செய்தது ஆகியன இதற்குத் துணைநின்றன.

இவ்வெண்களைப் பணியாளரின் நிலையிலிருந்தும் நோக்க வேண்டும். 54 என்னும் விகிதம், சுமார் 1,850 பிறப்புகளுக்கு ஓர் இறப்பு என்று பொருள்படும். ஆண்டிற்கு 100 பிரசவங்கள் நிகழும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொண்டால், சராசரியாகப் பதினெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே அங்கு ஒரு தாய் இறப்பை எதிர்பார்க்கலாம். ஆபத்து மிகுந்த கர்ப்பிணிகள் முன்கூட்டியே மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பப்படுவதால் உண்மையில் இடைவெளி இன்னும் நீளும். பணிக்காலம் முழுவதும் ஒருமுறையும் பேறுகால வலிப்பைத் தனித்து நின்று கையாளாத செவிலியர் ஒருவர் இருக்கக்கூடும். அது சமுதாயத்தின் நற்பேறு. ஆனால் ஒருநாள் இரவில் அத்தாய் வந்துசேரும்போது, அவருக்குத் துணையாக நிற்கப்போவது பட்டறிவன்று, பயிற்சி மட்டுமே.

முன்பு ‘கைப்பழக்கம்’ என்னும் ஆசிரியர் பிரசவ அறையில் எந்நேரமும் இருந்தார். பிரசவங்கள் பெரிய மருத்துவமனைகளை நோக்கி நகர நகர, அந்த ஆசிரியர் சிறிய நிலையங்களை விட்டு நீங்குகிறார். சிக்கல் குறைந்த இடத்திற்குப் பயிற்சி குறைவாகப் போதும் என்னும் எண்ணம் எளிதில் தோன்றும். உண்மை அதற்கு மாறானது.

3. மாறும் அறிவு

பணித்தொடர் கல்வியின் தேவையை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டே போதுமானது. பிரசவ வலியின் போக்கைக் குறிக்கும் பார்ட்டோகிராஃப் வரைபடத்தில், தீவிர நிலை எந்த அளவில் தொடங்குகிறது என்பது அடிப்படைச் செய்தி. உலக சுகாதார நிறுவனம் 1994இல் பரிந்துரைத்த வரைபடத்தில் கருப்பை வாய் 3 செ.மீ. விரிவில் தீவிர நிலை தொடங்கியது. 2000இல் திருத்தப்பட்ட வடிவத்தில் அது 4 செ.மீ. ஆயிற்று. 2018ஆம் ஆண்டுப் பரிந்துரையில் 5 செ.மீ. ஆயிற்று. மணிக்கு 1 செ.மீ. விரிய வேண்டும் என்னும் பழைய விதியை மட்டும் கொண்டு பிரசவத்தை முடுக்குவதோ அறுவைக்கு முடிவெடுப்பதோ கூடாது என்றும் அப்பரிந்துரை கூறியது. 2020இல் ‘பிரசவப் பராமரிப்பு வழிகாட்டி’ என்னும் புதிய வரைபடம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் பணியேற்ற ஒருவரின் ஒரே பணிக்காலத்தில் இம்மூன்று அளவுகளும் வந்துபோயின.

இம்மாற்றம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 4 செ.மீ. நிலையில் முன்னேற்றம் இல்லை என்று கருதி அனுப்பப்படும் தாய், தேவையற்ற அறுவைக்கு உள்ளாகலாம். தமிழகத்தில் அறுவைப் பிரசவம் 44.9 விழுக்காடு என ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு பதிவுசெய்கிறது. இந்திய அளவில் அது 21.5 விழுக்காடு. இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. இயல்பான பிரசவத்திற்குப் பொறுமையுடன் துணைநிற்கும் திறன் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

மருந்துகளிலும் இத்தகைய மாற்றங்கள் உண்டு. பேறுகால வலிப்பிற்கு மெக்னீசியம் சல்பேட்டே பிற மருந்துகளினும் சிறந்தது என்பதைப் பன்னாட்டு ஆய்வு 1995இல் நிறுவியது. மருத்துவர் இல்லாத இடத்தில் துணைச் செவிலியரே அதன் முதல் தவணையைத் தசையூசியாகச் செலுத்தலாம் என இந்திய அரசின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டி அனுமதித்தது. எப்பிரசவத்திலும் வழக்கமாகச் செய்யப்பட்டுவந்த யோனிவாய் வெட்டு, வயிற்றை அழுத்திக் குழந்தையை வெளித்தள்ளுதல் ஆகியன இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. தொப்புள்கொடியை உடனே கவ்வாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் காத்திருத்தல் இன்றைய முறை. புதியதைக் கற்பதைவிட, முப்பது ஆண்டுகள் கைபழகிய பழையதை விடுவது கடினம். அதற்குச் சுற்றறிக்கை போதாது.

4. பயிற்சி வகைகளும் அவற்றின் வரம்பும்

இந்தியாவில் துணைச் செவிலியர்களுக்கும் செவிலியர்களுக்கும் 21 நாள் பிரசவத் திறன் பயிற்சி அளிக்கப்பட்டுவருகிறது. மருத்துவப் பட்டதாரிகளுக்கு அவசர மகப்பேற்று அறுவைப் பயிற்சி 16 வாரமாகவும், உயிர்காக்கும் மயக்கவியல் பயிற்சி 18 வாரமாகவும் தொடக்கத்தில் அமைந்தன. 2015இல் ‘தக்ஷதா’ திட்டமும் 2017இல் பிரசவ அறைத் தரத்திற்கான ‘லக்ஷ்யா’ திட்டமும் வந்தன. மருத்துவச்சியியலில் தனித்தேர்ச்சி பெற்ற செவிலியர்களை 18 மாதப் பயிற்சியால் உருவாக்கும் திட்டத்தை மைய அரசு 2018 இறுதியில் அறிவித்தது. மருத்துவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் 30 மணிநேரத் தொடர்கல்வியை 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வலியுறுத்துகிறது. செவிலியர் பதிவைப் புதுப்பிக்கவும் தொடர்கல்வி மணிநேரக் கணக்கு உண்டு.

இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் இரு வரம்புகள் கருதத்தக்கன. ஒன்று, மணிநேரக் கணக்கு பயிற்சிக்கு வந்தமையை அளக்கிறது. பிரசவ அறையில் செய்தமையை அளப்பதில்லை. பிரசவம் பார்க்கும் மருத்துவர் வேறொரு துறைக் கருத்தரங்கில் அமர்ந்தாலும் மணிநேரம் நிறைந்துவிடும். மற்றொன்று, பயிற்சிக்காக நெடுநாள் வெளியே செல்வதற்குச் சிறிய நிலையங்கள் கொடுக்கும் விலை. மூன்று செவிலியர்கள் எட்டு மணிநேரமாகப் பகிர்ந்துகொள்ளும் பணியில் ஒருவர் 21 நாள் சென்றால், மற்ற இருவரும் அந்நாள்கள் முழுவதும் பன்னிரண்டு மணிநேரம் நிற்க வேண்டும். ஆதலால் பயிற்சி எவருக்கு மிகத் தேவையோ அவரே செல்ல இயலாதவராகிறார்.

பயிற்சிக்குப் பின் திறன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தில் நடந்த பெரும் ஆய்வு விடை தருகிறது. 24 மாவட்டங்களின் 120 சுகாதார நிலையங்களில் நடந்து, 2017இல் முடிவுகள் வெளியான இவ்வாய்வில், பாதுகாப்பான பிரசவத்திற்கான சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்தப் பணியிடத்திலேயே எட்டு மாதங்கள் வழிகாட்டுநர்கள் துணைநின்றனர். தொடங்கி இரண்டு மாதத்தில், செய்ய வேண்டிய செயல்களில் 72.8 விழுக்காடு செய்யப்பட்டன. வழிகாட்டல் இல்லாத நிலையங்களில் 41.7 விழுக்காடே. வழிகாட்டல் நின்றபின், பன்னிரண்டாம் மாதத்தில் 72.8 என்பது 61.7ஆகச் சரிந்தது. தாய்சேய் இறப்பும் கடும் சிக்கலும் சேர்ந்த விளைவில் இருசாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடும் இல்லை. இரு பாடங்கள் இதில் உள்ளன. துணை நின்றதும் திறன் தேய்கிறது. மருந்து, இரத்தம், மேல்சிகிச்சைக்கு விரைந்து அனுப்பும் வசதி ஆகியன உடனில்லாத பயிற்சி உயிரைக் காப்பதில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவமனை ஒன்றின் பட்டறிவு மறுபக்கத்தைக் காட்டுகிறது. தலை வெளிவந்தபின் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அரிய நிலையைக் கையாள, அங்குப் பிரசவ அறைப் பணியாளர் அனைவரும் மாதிரி உருவத்தில் ஆண்டுதோறும் ஒன்றாகப் பயின்றனர். அந்நிலையில் பிறந்த குழந்தைகளுக்கு ஏற்பட்ட காயம் 9.3 விழுக்காட்டிலிருந்து 2.3 விழுக்காடாகக் குறைந்தது. பயிற்சி அவர்களுடைய பணியிடத்திலேயே நடந்தது. மருத்துவரும் செவிலியரும் சேர்ந்தே பயின்றனர். அது ஒருமுறையோடு நிற்கவில்லை.

கர்நாடகத்தின் பெல்காம் மாவட்ட ஆய்வு இன்னொரு செய்தியைத் தருகிறது. 2006இல் வெளியான அவ்வாய்வில், கிராமத் துணைச் செவிலியர்கள் பிரசவத்திற்குப் பின் மிசோபிரோஸ்டால் மாத்திரை கொடுத்ததால், மிகுதியான இரத்தப்போக்கு 12 விழுக்காட்டிலிருந்து 6.4 விழுக்காடாகக் குறைந்தது. இழந்த இரத்தத்தைக் கண்மதிப்பாகக் கூறாமல் அளவுகுறித்த விரிப்பில் சேகரித்து அளந்தனர். ஆப்பிரிக்க நாடுகள் நான்கில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வும் அத்தகைய விரிப்பை அடிப்படையாகக் கொண்டு, கடும் இரத்தப்போக்கையும் அதன் விளைவுகளையும் 60 விழுக்காடு குறைத்தது. தக்க கருவியும் தெளிவான செயல்வரிசையும் தரப்பட்டால் கடைநிலைப் பணியாளரும் உயிர்காக்க வல்லவர் என்பது இதனால் விளங்கும்.

5. தணிக்கை என்னும் பள்ளி

தமிழகத்தில் பணித்தொடர் கல்வி என்ற பெயரில்லாமலேயே அப்பணியைச் செய்துவரும் அமைப்பு ஒன்று உண்டு. அது தாய் இறப்புத் தணிக்கை. இங்கிலாந்தில் 1952 முதல் நடைபெறும் மறைகாப்பு விசாரணை இதற்கு முன்னோடி. தமிழகம் 1990களின் இடைப்பகுதியில் இதைத் தொடங்கி 2004 முதல் முறைப்படுத்தியது. இந்திய அளவில் வழிகாட்டி 2010இல்தான் வந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில் மகப்பேற்று மருத்துவர் சங்கமே 2004இல் மறைகாப்பு ஆய்வை மேற்கொண்டது.

ஒரு தாய் இறந்தால், அவர் வீட்டிலிருந்து புறப்பட்ட நேரம், முதலில் சென்ற இடம், அங்குச் செய்யப்பட்டது, ஊர்தி வந்த நேரம், மேல்நிலை மருத்துவமனையில் காத்திருந்த நேரம் ஆகியன வரிசையாக ஆராயப்படுகின்றன. முடிவெடுப்பதில் தாமதம், வந்துசேர்வதில் தாமதம், சிகிச்சை பெறுவதில் தாமதம் என்னும் மூவகைத் தாமதங்களுள் எது உயிரைக் கொண்டது எனத் தேடப்படுகிறது. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான ஆய்வில் குடும்பத்தாரின் கூற்றும் கேட்கப்படுகிறது. எந்தப் பாடநூலும் தராத பாடம் இது.

ஆனால் கற்பிக்கும் ஆய்வும் குற்றம் காணும் விசாரணையும் ஒரே மேசையில் அமர இயலாது. பெயர் கூறாமை, பழி சுமத்தாமை என்பன தணிக்கையின் கொள்கைகள். நடைமுறையில் உயரதிகாரி முன் நிற்கும் செவிலியர் அதைத் தேர்வாக அன்றித் தண்டனைக்கு முன்னுரையாகவே உணர்ந்தால், ஏட்டில் நேரங்கள் பின்னர்ச் சீராக எழுதப்படும். ஆபத்தின் ஐயமுள்ள ஒவ்வொரு தாயும் தொடுமுன்னரே வேறிடம் அனுப்பப்படுவார். அச்சம் கற்பிக்கும் ஒரே பாடம் அதுதான். வழியில் முதல் தவணை மெக்னீசியம் சல்பேட்டோ ஆக்சிடோசினோ செலுத்தப்படாமல் அனுப்பப்படும் தாய்க்கு, அந்த அச்சத்தின் விலை உயிராகலாம்.

இறப்புகள் அரிதாகிவிட்ட நிலையில், மயிரிழையில் பிழைத்த தாய்மாரின் நிகழ்வுகளை ஆராய்வது கல்விக்கு மேலும் ஏற்றது. இதற்கான வழிகாட்டியை இந்திய அரசு 2014இல் வெளியிட்டது. தாய் உயிரோடிருப்பதால் அவரே சாட்சியாகிறார். பணியாளரும் அச்சமின்றிப் பேசுவார். என்ன தவறியது என்பதோடு, எது காத்தது என்பதும் அங்குக் கற்கப்படுகிறது.

6. நகர விளிம்பும் மலையூரும்

திருநீர்மலை போன்ற பகுதியில் தொலைவு சிக்கலன்று. குரோம்பேட்டை அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியும் எழும்பூரும் சென்றடையத்தக்கன. தனியார் மருத்துவமனைகளும் பல. இங்குச் சிக்கல் தொடர்பு அறுபடுதல். ஒரு கர்ப்பிணி நகர்ப்புற நிலையத்தில் பதிவு செய்கிறார், தனியாரிடம் ஸ்கேன் எடுக்கிறார், தலைப்பிரசவத்திற்கு வளைகாப்பு முடிந்து வேறு மாவட்டத்தில் உள்ள தாய்வீடு செல்கிறார். ஆறு மாதங்கள் அவருடைய இரத்த அழுத்தத்தை அளந்த செவிலியருக்கு, பிரசவம் எவ்வாறு முடிந்தது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. தாம் ஐயுற்றது சரியா, கவனிக்கத் தவறியது எது என்பதை அறியாதவர் அதிலிருந்து கற்க இயலாது.

தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள சிட்டிலிங்கியில் நிலைமை நேர்மாறானது. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்குத் தொடங்கிய நல அமைப்பு, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே தேர்ந்து, பிரசவம் பார்க்கவும் நோயறியவும் பணியிடத்திலேயே ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்தது. அங்குத் தொலைவு பெரிது. ஆனால் தாயும் பணியாளரும் ஒரே ஊரார். பிரசவத்தின் முடிவு பணியாளருக்கு எப்போதும் தெரியும். கற்றலுக்கு இன்றியமையாத இந்தத் தொடர்பு, வசதி மிகுந்த நகர விளிம்பில் இல்லாதிருப்பது எண்ணத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. பிரசவ எண்ணிக்கை குறைந்த நிலையங்களுக்கே அடிக்கடிப் பயிற்சி தேவை. 21 நாள் பயிற்சியோடு நிறுத்தாமல், மாதந்தோறும் ஒருமணி நேரம் மாதிரி உருவத்தில் இரத்தப்போக்கு, வலிப்பு, மூச்சுவிடாக் குழந்தை ஆகியவற்றைக் கையாளும் பயிற்சி பணியிடத்திலேயே நடைபெற வேண்டும்.

2. மருத்துவர், செவிலியர், அவசர ஊர்திப் பணியாளர் ஆகியோர் ஒன்றாகப் பயில வேண்டும். சிக்கல் நேரும்போது அவர்கள் ஒன்றாகவே பணிபுரிகிறார்கள்.

3. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு தாயின் முடிவும் அனுப்பிய பணியாளருக்குத் திரும்பத் தெரிவிக்கப்பட வேண்டும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பிக்மி எண் உள்ள மாநிலத்தில் இது இயலாததன்று. தாய்வீடு செல்லும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும்.

4. தணிக்கை, தண்டனை நடவடிக்கையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். உயிர்பிழைத்தோர் நிகழ்வாய்வு கல்விப்பணியாகவே நடைபெற வேண்டும்.

5. ஊரகப் பகுதிகள் மாநகராட்சிகளுடன் இணையும்போது, பணியாளரின் பயிற்சிப் பொறுப்பு எவருடையது என்பது இணைப்பின்போதே வரையறுக்கப்பட வேண்டும்.

தமிழகத்தின் தாய் இறப்பு விகிதம் 134இலிருந்து 54ஆகக் குறைந்ததற்குக் கட்டடங்களும் ஊர்திகளும் பெருமளவு காரணமாயின. எஞ்சிய இறப்புகளைக் குறைப்பதில் பணியாளரின் அறிவுக்கும் கைத்திறனுக்கும் பெரும்பங்கு உண்டு. அவ்வறிவு வளர, அவர் செய்த பணியின் விளைவு அவரிடமே திரும்பி வருதல் வேண்டும்.